தலைமை அலுவலர் டைரியில் இல்லாத கட்டம்

2021 ஏப்ரல் 6. குமாரபாளையம் தொகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆறாம் வகுப்பு அறை. அந்தச் சாவடிக்கு நான்தான் தலைமை அலுவலர். கொரோனா காலத் தேர்தல். வாசலிலேயே நெற்றியில் காய்ச்சல் பார்த்து, கையில் சானிடைசர் விட்டு, வலது கைக்கு ஒரு பாலித்தீன் கையுறை கொடுத்து உள்ளே விட்டார்கள். இடது கை விரல் மைக்கு, வலது கை பொத்தான் அழுத்த.

பதினோரு மணி வாக்கில் ஒரு ஆயா வந்தார். எழுபதைத் தாண்டிய வயது. வெளுத்துப்போன நூல் சேலை. தறிப்பட்டறையில் நூல் தார் சுற்றியே காய்த்த விரல்கள். கையுறையை முறையாக மாட்டிக்கொண்டு, அடையாள அட்டையை இடது கையில் பிடித்தபடி முதல் அலுவலர் முன்னால் நின்றார். முதல் அலுவலர் பட்டியலைப் புரட்டினார். அட்டை எண்ணை வைத்துத் தேடினார், பெயரை வைத்துத் தேடினார், பின்னால் இருக்கும் துணைப்பட்டியலிலும் தேடினார். முகவர்கள் தங்கள் கையிலிருந்த நகலைப் பார்த்தார்கள். எந்தக் கட்சிக்காரரிடமும் அந்தப் பெயர் இல்லை. பல சாவடிகளைக் கவனிக்கும் ஸோனல் அலுவலருக்குப் போன் போட்டேன். பக்கத்துச் சாவடியிலும் விசாரிக்கச் சொன்னேன். அங்கேயும் இல்லை.

"ஏனுங்க டீச்சர், கார்டு இருக்குதுங்களே. போன தடவகூட இங்கதானுங்க போட்டேன்" என்றார்.

"ஆயா, லிஸ்ட்ல பேரு இருந்தாத்தான் ஆயா போட முடியும்" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பக்கத்துத் தெருவிலிருந்து வேறொரு லைன் வீட்டுக்குக் குடிமாறியிருக்கிறார். சரிபார்க்க வந்தவர்கள் பழைய வீட்டில் ஆளில்லை என்று எழுதியிருக்கலாம். நோட்டீஸ் வந்ததா என்று கேட்டேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கையுறையை மெதுவாக, கிழியாமல் கழற்றி, "இத உங்ககிட்டயே குடுத்துட்டுப் போறதுங்களா?" என்று நீட்டினார். புதுக் கையுறை, ஒன்றையும் தொடாதது. வாங்கி மேசைமேல் வைத்தேன். அடுத்தவர் வந்துவிட்டார்.

அன்றிரவு பெட்டிகளுக்கு சீல் வைத்துவிட்டு டைரி எழுத உட்கார்ந்தபோதுதான் அந்த விஷயம் எனக்கு உறைத்தது. தலைமை அலுவலர் டைரியில் எத்தனை கட்டங்கள்! இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பதிவான ஓட்டுகள், ஆண் எத்தனை, பெண் எத்தனை. துணையோடு வந்து போட்ட பார்வையற்றவர்கள் எத்தனை பேர். தேர்தல் பணிச் சான்றோடு போட்டவர்கள் எத்தனை. இவர் அவரில்லை என்று முகவர் மறுத்த சேலஞ்ச் ஓட்டு எத்தனை, தன் பெயரில் வேறொருவர் போட்டுவிட்டதால் தனிச் சீட்டில் போட்ட டெண்டர் ஓட்டு எத்தனை. வயது குறைவாகத் தெரிந்து உறுதிமொழி வாங்கியவர்கள் எத்தனை. அட்டையோடு வந்து, பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பிப் போனவர்களுக்கு மட்டும் கட்டம் இல்லை. அரசாங்கக் காகிதம் எதிலும் அந்த ஆயா அன்றைக்கு வரவே இல்லை.

1989 ஜனவரித் தேர்தலில் வாக்குச்சீட்டு மடித்துக் கொடுக்கும் அலுவலராகத் தொடங்கி, ஓய்வு பெறும்வரை பதினைந்துக்கும் மேற்பட்ட தேர்தல்களில் வேலை பார்த்திருக்கிறேன். இப்படித் திரும்பிப் போனவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு. சாவடிக்கு நாலு பேர், ஐந்து பேர். அதுவரை நானும் அதை வேலையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டேன். அந்தக் கையுறைக்குப் பிறகு அப்படி முடியவில்லை.

ஓய்வுக்குப் பிறகு ஒருநாள், என்னிடம் எட்டாவது படித்து இப்போது திருச்செங்கோட்டில் வக்கீலாக இருக்கும் பையனிடம் இதைச் சொன்னேன். "டீச்சர், ஓட்டு நம்ம உரிமைன்னு பாடம் நடத்துனீங்கல்ல, அது என்ன மாதிரி உரிமைன்னு சுப்ரீம் கோர்ட்டு சொன்னதே நம்ம நாமக்கல் கேஸ்லதான்" என்றான். ஒரு வாரத்தில் தீர்ப்பின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தான்.

நாமக்கல்காரியான எனக்கு அறுபது வயதுவரை இது தெரியாமல் இருந்தது வருத்தம்தான். அப்போது நாமக்கல், சேலம் மாவட்டத்தில் இருந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல். சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்கு நாமக்கல் தொகுதியில் போட்டியிட என்.பி.பொன்னுசாமி என்பவர் வேட்புமனு கொடுக்கிறார். 1951 நவம்பரில் தேர்தல் அதிகாரி அதைத் தள்ளுபடி செய்கிறார். பொன்னுசாமி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகிறார். தலையிட எங்களுக்கு அதிகாரம் இல்லை என்கிறது நீதிமன்றம். அங்கிருந்து உச்ச நீதிமன்றம். தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி உள்பட ஆறு நீதிபதிகள் உட்கார்ந்து கேட்டு, 1952 ஜனவரி 21 அன்று தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி பசல் அலி.

அரசியல் சாசனத்தின் 329(பி) பிரிவுதான் அந்த வழக்கின் மையம். தேர்தலை எதிர்த்து யாரும் எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது, தேர்தல் முடிந்தபின் தேர்தல் மனு ஒன்றுதான் வழி என்பது அதன் பொருள். 'தேர்தல்' என்றால் ஓட்டுப்போடும் நாள் மட்டுமில்லை, அறிவிப்பு தொடங்கி முடிவு அறிவிக்கும்வரை எல்லாமே தேர்தல்தான் என்று நீதிமன்றம் சொன்னது. ஆக, வேட்புமனு தள்ளுபடியானாலும் தேர்தல் முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

இதில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு வேட்பாளரும் ஒவ்வொரு கோர்ட்டில் தடை வாங்கினால் தேர்தலே நடக்காது. பதினேழு கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்களை வைத்துக்கொண்டு, பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு நாட்டில், முதல் தேர்தலை நடத்திக் காட்ட வேண்டிய நேரம் அது. அந்த அளவில் தீர்ப்பை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் போகிற போக்கில் அந்தத் தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது. ஓட்டுப் போடும் உரிமையும் தேர்தலில் நிற்கும் உரிமையும் குடிமை உரிமைகள் கிடையாது, சட்டம் உண்டாக்கிக் கொடுத்தவை, சட்டம் வைக்கிற வரம்புக்குக் கட்டுப்பட்டவை என்றது. வழக்கு வேட்பாளருடையது. அந்த வரி வாக்காளர் தலையிலும் விழுந்தது. எழுபது வருஷத்துக்கு மேலாக அங்கேயே இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்த தீர்ப்புகளையும் அவன் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தான். 1982ல் ஜோதி பாசு வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, தேர்ந்தெடுக்கும் உரிமை ஜனநாயகத்துக்கு அடிப்படையானதுதான், முரணாகப் பட்டாலும் அது அடிப்படை உரிமை இல்லை, வெறும் சட்ட உரிமை மட்டுமே என்று எழுதினார். முரண் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. 2003ல் வேட்பாளர்களின் சொத்து, குற்ற வழக்கு விவரங்களைப் பற்றிய வழக்கில் நீதிபதி வெங்கடராம ரெட்டி ஒரு படி ஏறினார்: அடிப்படை உரிமை இல்லாவிட்டாலும், இது சாசனம் தந்த உரிமை. 2006ல் குல்தீப் நய்யார் வழக்கில் ஐந்து நீதிபதிகள் மறுபடியும் சட்ட உரிமைக்கே இறங்கினார்கள். 2023 மார்ச்சில், தேர்தல் ஆணையர்களை யார் நியமிப்பது என்ற வழக்கில், பெரும்பான்மை நீதிபதிகள் இந்தக் கேள்வியை முடிக்காமல் விட, நீதிபதி அஜய் ரஸ்தோகி மட்டும் தனியாக, ஓட்டுரிமை அடிப்படை உரிமைதான் என்று எழுதினார். படித்துக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நிறுத்தி, மறுபடி ஒரு தடவை படித்தேன்.

சாசனத்தை எழுதியவர்களுக்கும் இது தெரியாத விஷயமில்லை. அடிப்படை உரிமைகளுக்கான குழு ஓட்டுரிமையையும் அதில் சேர்க்கவே விரும்பியது. வேறொரு பகுதியில் வைத்துக்கொள்ளலாம் என்று பிறகு முடிவானது. தேர்தலின் சுதந்திரத்தையும் அடிப்படை உரிமையாக்க அந்தக் குழு சொன்னதை, 1949 ஜூனில் தேர்தல் ஆணையம் பற்றிய பிரிவைக் கொண்டுவந்தபோது அம்பேத்கரே அவையில் நினைவுபடுத்தியிருக்கிறார். அப்படித்தான் 326ஆவது பிரிவு வந்தது. வயதுவந்த ஒவ்வொரு குடிமகனும் வாக்காளராகப் பதிவு செய்யப்பட உரிமையுள்ளவர் என்கிறது அது. 'பதிவு செய்யப்பட' என்பதைக் கவனியுங்கள். ஓட்டுப் போட உரிமை என்று நேராகச் சொல்லவில்லை. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62ஆவது பிரிவோ, பட்டியலில் பெயர் இருப்பவருக்கே ஓட்டு என்கிறது. சாசனத்திலிருந்து ஆயாவின் விரல்வரை போகிற பாதையில் நடுவே ஒரு பட்டியல் உட்கார்ந்திருக்கிறது. அதில் ஒரு வரி அழிந்தால் பாதை அங்கேயே முடிந்தது.

அந்தப் பட்டியலுக்கு இருக்கும் பலத்தை நான் சாவடியில் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை பதினாறு வயதுகூட மதிக்க முடியாத ஒரு பையன் வந்தான், பெயர் பட்டியலில் இருந்தது. வயது பற்றி உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டு நான் ஓட்டுப்போட விட்டாக வேண்டும், விட்டேன். பெயர் இருந்தால் சந்தேகப்பட்டாலும் நிறுத்த முடியாது, பெயர் இல்லாவிட்டால் நாலு தலைமுறையாக அதே தெருவில் இருப்பவர் என்று எல்லா முகவர்களும் சாட்சி சொன்னாலும் விட முடியாது. வேட்புமனு கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்று 1950ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2021ல் அந்தக் கடைசி நாள் மார்ச் 19. ஆயாவுக்குத் தன் பெயர் இல்லை என்று தெரிந்தது ஏப்ரல் 6ல்.

சரி, தெரிந்தபின் அவர் எங்கே போவார்? உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட 329(பி) தடை. தேர்தல் மனு போடலாம் என்றால், பட்டியல் தப்பு என்பதற்காகத் தேர்தலை ரத்து செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லிவிட்டது. பதிவு அதிகாரியின் முடிவை எதிர்த்து மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், அங்கிருந்து தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். எல்லாம் சரிதான். நடப்பதற்குள் அந்தத் தேர்தல் முடிந்து ஆட்சியே அமைந்துவிடும்.

தேர்தல் மனு என்ற அந்த ஒரே வழி எவ்வளவு நீளம் என்பதற்குத் திருநெல்வேலி மாவட்டத்து ராதாபுரம் தொகுதியைச் சொல்லலாம். அது எங்களைப் போன்ற ஆசிரியர்களின் ஓட்டு சம்பந்தப்பட்டது என்பதால் எனக்கு இன்னும் வலிக்கிறது. 2016 தேர்தலில் அங்கே இன்பதுரை 49 ஓட்டில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். எதிர்த்து நின்ற அப்பாவு வழக்குப் போட்டார். தள்ளுபடியான தபால் ஓட்டுகள் 203. தேர்தல் பணிக்குப் போனவர்கள் போட்டவை அவை. தபால் ஓட்டோடு வைக்கும் 13ஏ உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் போட்டவர் கெஜட் அதிகாரி இல்லை, நடுநிலைப்பள்ளித் தலைமை ஆசிரியர் என்பது காரணம். 2019 அக்டோபர் 1ல் சென்னை உயர் நீதிமன்றம், அந்தத் தபால் ஓட்டுகளையும் 19, 20, 21ஆம் சுற்று ஓட்டுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. மூன்றே நாளில் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021ல் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்தது.

நானும் நடுநிலைப்பள்ளித் தலைமை ஆசிரியைதான். அதே 2016ல் என் பள்ளி ஆசிரியைகள் மூன்று பேருக்கு அதே 13ஏ படிவத்தில் பச்சை மையால் கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரை குத்திக் கொடுத்தேன். ராதாபுரம் செய்தியைப் படித்த அன்று அந்த மூன்று உறைகளும் கண்ணுக்குள் வந்து நின்றன. எண்ணினார்களா, தூக்கி வைத்தார்களா, இன்றுவரை தெரியாது. இப்போது தேர்தல் பணியில் இருப்பவர்கள் பயிற்சி நடக்கும் இடத்திலேயே வசதி மையத்தில் போட்டுவிடலாம் என்று விதியை மாற்றியிருக்கிறார்கள். நல்ல மாற்றம்.

நல்ல மாற்றங்கள் வரவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்றை நானே நேரில் கண்டேன். 2011ல் ஒரு இளைஞர் வந்து, 49-ஓ என்றார். யாருக்கும் ஓட்டுப்போட விருப்பமில்லை என்பதை 17ஏ வாக்காளர் பதிவேட்டில் நான் எழுத, அவர் கையெழுத்துப் போட வேண்டும். அறையில் இருந்த அத்தனை முகவர்களும் அவர் முகத்தைப் பார்த்து வைத்துக்கொண்டார்கள். ஒருவர் எந்தத் தெரு என்றுகூட விசாரித்தார். கையெழுத்துப் போடும்போது அந்தப் பையன் கை நடுங்கியதைப் பார்த்தேன். ரகசியமாக ஓட்டுப்போடும் உரிமை அவருக்கு மட்டும் இல்லாமல் போனது. 2013 செப்டம்பர் 27ல் அதை மாற்றிய தீர்ப்பை எழுதியவர் அப்போதைய தலைமை நீதிபதி சதாசிவம். குமாரபாளையத்தில் நின்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரியுமே பவானி, அந்த வட்டாரத்துக்காரர். அதன்பிறகுதான் எந்திரத்தில் நோட்டா பொத்தான் வந்தது.

அந்தத் தீர்ப்பு ஒரு நுட்பமான வித்தியாசத்தைக் காட்டுகிறது. ஓட்டுரிமை சட்ட உரிமைதான், ஆனால் சாவடிக்குள் வந்தபின் யாருக்குப் போடுவது, போடாமல் இருப்பது என்ற சுதந்திரம் பேச்சுரிமையின் பகுதி, அது அடிப்படை உரிமை என்கிறது. எனக்கு அந்த இளைஞருக்காகச் சந்தோஷம். ஆனால் அந்தக் கணக்கில் ஆயா எங்கே? திரைக்குப் பின்னால் போனவருடைய மனசுக்கு அடிப்படை உரிமையின் காவல். முதல் அலுவலர் மேசையிலேயே நிற்கிறவருக்கு ஒன்றும் இல்லை. (சிறையில் இருப்பவர்கள் கதை தனி. விசாரணைக் கைதி தேர்தலில் நிற்கலாம், ஓட்டுப்போடக் கூடாது. குற்றம் நிரூபணமாகாத ஒருவருக்கு இதை எப்படி நியாயப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

பட்டியலைச் சுத்தம் செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இறந்தவர்கள் பெயர் பத்து வருஷம் பட்டியலில் கிடந்ததை எல்லாச் சாவடியிலும் பார்த்தவள் நான். கள்ள ஓட்டு அந்தப் பெயர்களில்தான் விழும். ஒருமுறை ஒரு அம்மா வரும்போது அவர் பெயரில் ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கேள்வி கேட்டு உறுதி செய்துகொண்டு, 49-பி (49P) விதிப்படி அவருக்கு டெண்டர் வாக்குச்சீட்டு கொடுத்தேன். அதைத் தனி உறையில் போட்டு ஒட்டினேன். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது. ஆனாலும் ஒரு காகிதம் இருக்கிறது, வழக்கு வந்தால் நீதிமன்றம் அந்த உறையைத் திறந்து பார்க்கலாம். 2008ல் ராஜஸ்தானில் நாத்துவாரா தொகுதியில் சி.பி.ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்று, அந்த வழக்கில் டெண்டர் ஓட்டுகள் பற்றிய பேச்சு உச்ச நீதிமன்றம்வரை போனது. ஒரு உறைக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

1952 தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டுமே சொல்லி, சொந்தப் பெயரைச் சொல்லாத பெண்கள் ஏறத்தாழ 28 லட்சம் பேரை நீக்க வேண்டிவந்தது. பெரும்பாலும் வடமாநிலங்களில். அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் எடுத்த முடிவு அது. வாக்காளர் கணக்கெடுப்புக்கு நானும் வீடு வீடாகப் போயிருக்கிறேன். எங்கள் பக்கம் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்வார்கள், புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "பழனிமலையில இருக்கறவரு பேருங்க" என்பார் ஒருவர். முருகனா, தண்டாயுதபாணியா, வேலுச்சாமியா என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்க, சரியான பெயர் வரும்போது தலையை ஆட்டுவார். அதற்கு அரை நாள் ஆனாலும் உட்கார்ந்து கேட்டுத்தான் எழுதினோம். பட்டியல் அப்படித்தான் உண்டாகிறது. அழிக்கும்போது மட்டும் கதவு பூட்டியிருந்தது என்ற ஒரு வரி போதும் என்றால் எப்படி?

சட்டமும் போதும் என்று சொல்லவில்லை. குடிமாறியவர், தகுதியில்லாதவர் என்று நீக்குவதற்கு முன்னால் சம்பந்தப்பட்டவருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆவது பிரிவிலேயே இருக்கிறது. 1995ல் லால் பாபு உசேன் வழக்கில், ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் ஒருவரை, முறைப்படி பரிசீலித்துச் சேர்த்தவராகவே எடுத்துக்கொண்டு அதற்கு உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

2025ல் இந்த நீக்கம் நாடு முழுக்கப் பெரிய கேள்வியானது. பீகாரில் பட்டியலை அடியோடு சரிபார்க்கும் சிறப்புத் தீவிரத் திருத்தம் (எஸ்.ஐ.ஆர்.) நடத்தி, ஆகஸ்ட் 1ல் வெளியிட்ட வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர்கள் இல்லை. யார் யார், என்ன காரணம் என்று வெளியிடுங்கள் என்று ஆகஸ்ட் 14ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே அந்தப் பட்டியல் சாவடிவாரியாக வந்தது. நவம்பர் 4 முதல் நம் மாநிலத்தில் எஸ்.ஐ.ஆர். டிசம்பர் 19 வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கு மேல் நீக்கம். இதில் இறந்தவர்கள் உண்டு, இரண்டு இடத்தில் பெயர் வைத்திருந்தவர்கள் உண்டு. பெரும்பங்கு குடிமாறியவர்கள், ஆளைக் காணவில்லை என்ற கணக்கு.

எங்கள் திருச்செங்கோட்டில் குடிமாறாத கூலிக்காரர் யார்? தறி ஓடும் இடத்துக்குக் குடும்பம் போகிறது, முன்பணம் வாங்கிய பட்டறை மாறினால் வீடும் மாறுகிறது. என் தெருவின் கடைசியில் இருக்கும் லைன் வீடுகளில் எட்டுக் குடும்பங்களுக்கு நான் படிவம் எழுதிக் கொடுத்தேன். பழைய தீவிரத் திருத்தத்தின்போது எந்த ஊர்ப் பட்டியலில் பெயர் இருந்தது என்ற கேள்வியில் எல்லோரும் நின்றார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் எந்த லைனில் குடியிருந்தோம் என்பதை அவர்கள் பட்டறைக்காரர் பெயரை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதை வைத்துத் தெருவைக் கண்டுபிடித்து, பட்டியலில் தேடி எடுத்தோம். ஆறு குடும்பத்துக்குக் கிடைத்தது. வீட்டுக்கு வந்த பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) பாவம், அங்கன்வாடிப் பெண். ஆயிரம் வாக்காளரை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாட்டை நான் அறிவேன், அவரைக் குற்றம் சொல்ல மனசு வராது.

ஓட்டுரிமை அடிப்படை உரிமை என்று ஒருநாள் உச்ச நீதிமன்றத்தின் பெரிய அமர்வு சொல்ல வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். அப்படிச் சொன்னால், நான் பட்டியலில் இருக்கத் தகுதியானவள் என்று ஆயா நிரூபிக்கத் தேவையில்லை, ஏன் நீக்கினோம் என்று நீக்கியவர்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும். அடிப்படை உரிமை பறிபோனால் நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம் என்கிற 32ஆவது பிரிவின் கதவும் திறக்கும். நாடாளுமன்றமும் ஒன்று செய்யலாம். அமெரிக்காவில் 2002ல் ஒரு சட்டம் போட்டார்கள். பட்டியலில் பெயர் இல்லை என்றால், தகுதியானவன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஓட்டுப்போடலாம். அது தனி உறையில் இருக்கும். பிறகு சரிபார்த்து, தகுதி இருந்தால் எண்ணுவார்கள். நம்மிடம் டெண்டர் ஓட்டுக்கு உறை ஏற்கெனவே இருக்கிறது, அச்சடித்த படிவம் இருக்கிறது, சாவடிக்கு இருபது வாக்குச்சீட்டு கொடுத்து அனுப்புகிறார்கள். அதே உறையை அட்டையோடு வருகிற ஆயாவுக்கும் நீட்டுவதற்கு விதியில் சில வரிகள் சேர்த்தால் போதும் என்று நினைக்கிறேன். வக்கீல் பையன் சட்டத்தையே திருத்த வேண்டியிருக்கும் என்கிறான். இருக்கட்டும், திருத்தட்டும்.

இதெல்லாம் என் காலத்தில் நடக்குமோ என்னவோ. ஆனால் ஒன்றுக்கு நாடாளுமன்றமும் வேண்டாம், அரசியல் சாசன அமர்வும் வேண்டாம். டைரியின் படிவம் தேர்தல் ஆணையம் வகுத்தது. அவர்களே மாற்றலாம். ஒவ்வொரு சாவடியிலும் எத்தனை பேர் அப்படித் திரும்பினார்கள் என்று எண்ணினாலே, பட்டியலில் தப்பு எவ்வளவு என்று முதல் தடவையாக ஒரு கணக்குக் கிடைக்கும். கணக்கே இல்லாதபோது, புகார் வரவில்லை, எல்லாம் சரியாக நடந்தது என்றுதானே எழுதுவார்கள்? நானும் அன்றிரவு அப்படித்தான் எழுதினேன். 'வாக்குப்பதிவு அமைதியாக நடந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பொங்கல் விடுமுறைக்கு முன்னால் ஒரு கடிதம் எழுதினேன். தலைமைத் தேர்தல் ஆணையர், நிர்வாசன் சதன், புது தில்லி என்று முகவரி. நகல் ஒன்று சென்னையில் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு. இரண்டையும் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதும் வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று சுருக்கமாகவே எழுதினேன். டெண்டர் ஓட்டுக் கட்டத்துக்குக் கீழே சேர்க்கச் சொல்லி நான் வரைந்து அனுப்பிய கட்டம் இது:

அடையாள அட்டையுடன் வந்து, பட்டியலில் பெயர் இல்லாததால் வாக்களிக்காமல் திரும்பியவர்கள்: ஆண் ____ பெண் ____ மூன்றாம் பாலினத்தவர் ____ மொத்தம் ____